பேட்டரி அண்ணாச்சியின் ஏரி, ஆறு சுற்றுலா

தண்ணீர் இல்லாத கண்மாய்க்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போய், "தண்ணீர் எங்கே?" என்று கேட்ட பாவத்துக்கு நம்மையே திட்டக்கூடிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் பாளையம்பட்டியில், எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே கடை வைத்திருக்கிறார். என் தலையெழுத்து, தினமும் அவர் முகத்தில் விழித்துத்தான் நான் திருச்சுழிக்கு வேலைக்குப் போகிறேன்.

அவருக்கும் ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கும். ஊருக்கு அவர் பேட்டரி அண்ணாச்சி. டிராக்டரோ மினி பஸ்ஸோ கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரோ, எதன் பேட்டரி படுத்தாலும் அவர் கடையில்தான் வந்து படுக்கும். ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் சட்டையில் ஓட்டை விழாத இடம் காலர் மட்டும்தான். ஒல்லியான உடம்பு, அதில் முக்கால்வாசி கோபம். டிவியில் வானிலைச் செய்தி ஓடினால் கடைக்குள் சண்டை நடப்பது போலச் சத்தம் கேட்கும். "லேசானது முதல் மிதமானது வரைங்கிறான். லேசானதே வரல. அப்புறம் என்ன வரை?"

டவுனில் ஒருவர் பேட்டரி பைக் விற்கும் கடை திறந்தார், மூடினார். மீந்துபோன ஐந்து வண்டிகளை அண்ணாச்சி எடுத்துக்கொண்டு வந்தார். வாங்க ஆளில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் கடை வாசலில் புது போர்டு: "ஏரி, ஆறு இயற்கை எழில் சுற்றுலா. மின்சார வண்டியில். வழிகாட்டி உண்டு."

எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, நம்ம பக்கம் ஏரி எங்க இருக்கு?"

"கண்மாய்னு எழுதுனா வெளியூர்க்காரனுக்குப் புரியாது டீச்சர்."

"வெளியூர்க்காரன் வந்து பாத்தா மட்டும் புரியுமா? அதுல தண்ணி இல்லையே."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ரயிலு இல்லாத நேரத்துல ஸ்டேஷன் போர்டக் கழட்டியா வைக்கிறாக?"

பதினெட்டு வருஷமாக அறிவியல் பாடம் எடுக்கிறேன். எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸும் போய்விட்டது.

இப்படிப்பட்டவரிடம் நானே போய்ச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தேன் என்றால் அதற்குக் காரணம் சுகந்தி மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. பிறந்ததும் வளர்ந்ததும் இதே பாளையம்பட்டிதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூருக்கு வாக்கப்பட்டுப் போனதிலிருந்து சிறுவாணியைத் தானே ஊற்றெடுக்க வைத்தது போலப் பேசுவார். பேச்சும் மாறிவிட்டது. புரட்டாசியில் ஒரு வாரம் தங்க வந்தவர், முதல் நாள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"தண்ணி உப்புக் கரிக்குதுங்க. இங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா பாக்கறதுக்கு ஒரு எடமாச்சு இருக்குதா? எங்க ஊர்ல எல்லாம் ஏரி ஓரமா நடந்தாலே மனசு நெறஞ்சுருமுங்க."

ஐந்தாவது நாளும் இதையே சொன்னபோது, "ஏன் இல்லாம? ஏரியும் ஆறும் ஒரே நாள்ல காட்டுறதுக்கு இங்க சுற்றுலாவே இருக்கு மதினி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நின்றோம். அண்ணாச்சி மூன்று வண்டிகளைத் துடைத்து வைத்திருந்தார். அவர் கையில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று லைஃப் ஜாக்கெட்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஏரி, ஆறுன்னு போர்டு போட்டிருக்கேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ராமேஸ்வரம் போனப்ப தேடி வாங்குனது. மாட்டுங்க."

"அண்ணாச்சி, ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது."

"தண்ணிய நம்பக் கூடாது டீச்சர்."

மாட்டினால்தான் சாவி தருவேன் என்றார். மாட்டினோம். அந்தக் கோலத்தில் அருப்புக்கோட்டை பஜார் வழியாகப் போனோம். இருபது வருஷமாக நான் அந்தப் பஜாரில் தலையைக் குனிந்துகொண்டு காய்கறி வாங்கிச் சேர்த்த மரியாதை அத்தனையும் இருபது நிமிஷத்தில் போயிற்று. வெண்டைக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டார். "என்ன டீச்சர், எங்கிட்டு வெள்ளம்?" திருச்சுழி பஸ் எங்களை ஓரங்கட்டிக்கொண்டு போனபோது ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்து வரிசையிலிருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் தினமும் போகிற பஸ். கண்டக்டர் வணக்கம் வேறு வைத்தார்.

முதல் இடம் ஒரு கண்மாய். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கரை மேல் வண்டியை நிறுத்தினார். கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக்கருவேல். நடுவில் நான்கு ஆடுகள்.

"இந்தா பாத்துக்கங்க. நூத்தம்பது ஏக்கருக்குப் பாயுற கண்மாய். அந்த ஆடு நிக்கிற எடம் ஒம்போதடி ஆழம்."

மதினி கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "தண்ணி எங்கீங்க?"

அவ்வளவுதான். அண்ணாச்சி வண்டியை ஸ்டாண்டு போட்டார். "தண்ணி எங்கன்னு என்கிட்டக் கேக்கக் கூடாது. வரத்துக்கால அடைச்சவன்ட்டக் கேளுங்க. ஆத்துல இருந்து இதுக்குத் தண்ணி வார கால்ல கல்லக் கொட்டுறான், குப்பையக் கொட்டுறான். மழை பேஞ்சா எந்த வழியா வரும்? பஸ்ஸு ஏறியா வரும்? வந்த ஆளு எல்லாரும் கரை மேல நின்னுக்கிட்டு தண்ணி எங்க, தண்ணி எங்க. ஒரு ஆளாச்சும் கால் எங்கன்னு கேட்டிருக்கீகளா?"

மதினி கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவமானம் தாங்காமல் நிற்கிறார் என்று நினைத்தேன். ஊருக்குப் போய் இதைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாரே.

எதிர்க்கரைக்குப் போக வேண்டும். கண்மாய்க்குள் இறங்கி ஆட்டுப் பாதையில் போனால் ஐந்து நிமிஷம். அண்ணாச்சி கரையைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றார்.

"நேராப் போனா என்ன?" என்றேன்.

"தண்ணிக்குள்ள எப்படி டீச்சர் வண்டி விடுறது?" என்றார். சிரிக்காமல் சொன்னார். குண்டும் குழியுமான கரையில் மூன்று மைல் சுற்றினோம்.

திருச்சுழியில் ஆற்றைக் காட்டினார். மணலும் நாணலும். "ரெண்டு நிமிஷம் யாரும் பேசாதீக. ஆத்தோட சத்தத்தக் கேளுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். கேட்டோம். பாலத்தின் மேல் ஒரு மொபெட் போயிற்று. கண்ணைத் திறந்து அந்த மொபெட்காரரையும் திட்டினார்.

திரும்பும் வழியில் முதலில் மதினியின் வண்டி நின்றது. கொஞ்ச தூரத்தில் என்னுடையது. பிறகு அண்ணாச்சியுடையதும். நட்டநடுப் பொட்டலில், தலைக்கு மேல் வெயில், நெஞ்சில் ஆரஞ்சு மெத்தை. என் பொறுமை அறுந்தது.

"ஊர்ப் பேட்டரி எல்லாம் உங்க கடையிலதான் சார்ஜு ஏறுது. சொந்த வண்டிக்கு ஏத்தத் தெரியாதா?"

"ராத்திரி பூராம் ஏத்துனேன். இந்தக் கோயம்புத்தூர் அக்கா, வழியில நிக்கிற ஆட்டுக்கெல்லாம் ஹாரன் அடிச்சா சார்ஜு என்னத்துக்காகும்?"

தூரத்தில் தெரிந்த டீக்கடையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டு போனோம். அந்தப் பாதை ஓர் ஓடையை ஒட்டிப் போனது. அதுதான் அந்த வரத்துக்கால் என்று அண்ணாச்சி சொல்லி வாய் மூடவில்லை. எங்கள் கண் முன்னால் ஒரு டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து, ஓடையின் குறுக்கே இடித்த வீட்டுக் கல்லையும் சிமெண்ட்டுக் கட்டியையும் மொத்தமாகச் சரித்தது. புழுதி எழுந்து எங்களை மூடியது.

புழுதி அடங்கியபோது அண்ணாச்சி ஓடைக்குள் நின்றார். "எடு" என்றார் டிரைவரைப் பார்த்து. அந்த ஒரு வார்த்தைதான் நிதானமாக வந்தது. அதற்குப் பிறகு வந்ததை இங்கே எழுத முடியாது.

டிரைவர் பெரிய மீசைக்காரர். லைஃப் ஜாக்கெட் போட்டவர் திட்டும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. "யோவ், காஞ்ச ஓடைதான? இதுல கொட்டாம எதுல கொட்டுறது?"

"ஒன் வீட்டு வாசக்கதவு பகல் பூராம் சும்மாதான கெடக்கு. செவரு வச்சு அடைச்சிருவமா?"

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். நான் அரசாங்கச் சம்பளக்காரி. வம்பு வேண்டாம், விட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மதினி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் லாரிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார். பூட்டினார். சாவியை லைஃப் ஜாக்கெட்டுக்குள் போட்டார்.

"ஏலே, எறங்குலே கீழ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மதினி வாயிலிருந்து ஒரு 'லே' கேட்டதில்லை.

"இது எங்க சித்தி ஊருக் கண்மாய்க்குப் போற காலு. அந்தக் கண்மாயிலதான் நான் நீச்சப் பழகுனேன். காலையில பாக்குறேன், எனக்கு அடையாளந் தெரியல. எங்கன எறங்குவோம், எங்கன துணி தொவைப்போம், ஒண்ணும் தெரியல. கொட்டுன லோட எடுத்துட்டுப் போலே. இல்லைன்னா நான் இங்கனயேதான் கெடப்பேன்."

டிரைவரின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னால் ஆன உதவியாக நானும் என் வண்டியை மதினி வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து லாரி நம்பரை வாய்விட்டுப் படித்துப் படித்து எழுதினேன். வகுப்பில் பெயர் எழுதும்போது ஏற்படுகிற அமைதி அங்கேயும் ஏற்பட்டது.

டிரைவர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. மதினி போனை வாங்கினார். உடனே பழைய கோயம்புத்தூர் மதினி ஆகிவிட்டார். "வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா? இல்லீங்க, ஒண்ணும் அவசரம் இல்லீங்க. நாங்க இங்கயே இருக்கறமுங்க. நம்பர் எல்லாம் எழுதியாச்சுங்க. நீங்க மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க." அந்த மரியாதையைக் கேட்டு எந்த ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று முதலாளி பயந்தாரோ தெரியாது, போனைத் திரும்ப வாங்கிய டிரைவர் "சரிங்க மொதலாளி, சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

லாரியில் ஒரு மண்வெட்டி இருந்தது. டீக்கடைக்காரர் இரண்டு இரும்புச் சட்டி கொடுத்தார். டிரைவர் வெட்டிப் போட, அண்ணாச்சி சுமக்க, நானும் மதினியும் கட்டிகளைக் கையால் தூக்கி லாரியில் எறிந்தோம். பாதி வேலையில் டீக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். காசு கொடுத்துச் சுற்றுலா வந்து கல் சுமந்தவர்கள் எங்களைத் தவிர யாரும் இருக்க முடியாது. அவ்வளவுக்கும் அண்ணாச்சி ஒரு நன்றி சொல்லவில்லை. "அந்த மூலையில ரெண்டு கல்லு கெடக்கு பாருங்க டீச்சர்" என்றுதான் சொன்னார். டீக்கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மணி நான்கு. கை நிறையக் கொப்புளம். மதினி அன்றைக்கு எங்கள் வீட்டு உப்புத் தண்ணீரை ஒரு செம்பு நிறையக் குடித்துவிட்டுப் படுத்தார்.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் மழை பிடித்தது. நான்காம் நாள், நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அண்ணாச்சியிடமிருந்து போன். "டீச்சர், எறங்கிப் பாத்துட்டுப் போங்க" என்றார், வைத்துவிட்டார். எதை என்று சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கண்மாய்க் கரைக்கு நடந்தேன். கருவேலமரங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. எங்கிருந்து வந்ததோ, பத்துப் பதினைந்து கொக்கு. அண்ணாச்சி தனியாகக் கரையில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இது பத்தாது டீச்சர். பாதிக்கு மேல ஆத்தோட போயிருச்சு. இன்னும் ரெண்டு எடத்துல அடைப்பு இருக்கு."

"வந்த தண்ணியப் பாத்து ஒரு நாளாச்சும் சந்தோஷப்படத் தெரியாதா உங்களுக்கு?" என்று நானும் பிடித்துக்கொண்டேன். சண்டை நன்றாக வளர்ந்தது. நடுவில் மதினி வீடியோ காலில் வந்தார். அண்ணாச்சி போனை வாங்கிக்கொண்டு கரைச் சரிவில் இறங்கி, தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார். "இன்னுங் கொஞ்சம் கீழ பிடிங்கண்ணே" என்று மதினி சொல்லிக்கொண்டே இருந்தார். கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை.

அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மல்லாங்கிணறில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். யாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டு நின்றதில், இரண்டு நாளும் எனக்கு முதல் பீரியட் போய்விட்டது.