கைமடி தேவை, நூலகர் தேவை

நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது தவசியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கண்டுகொள்ளாமல் இருந்தான். மறுபடியும் அதிர்ந்தது. அடுத்த முறை அது சட்டையையும் சேர்த்து ஆட்டியதை எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிச் செயலாளர் மகுடேஸ்வரன் பார்த்துவிட்டார்.

"எடுத்துப் பேசுங்க தம்பி. ஊட்ல ஏதாச்சும் அவசரமா இருக்கப் போகுது."

வீட்டில் ஓர் அவசரமும் இல்லை. கூப்பிட்டது நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி நடத்தும் முதலாளி கிட்டுசாமி. துணி வாங்க வரும் பையர்களுக்குக் காட்டும் மாதிரிகளை அடுக்கிய சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்வதுதான் தவசியின் வேலை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று அவரிடம் புளுகிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏங்கண்ணு, காது குத்தற நேரத்துல தொந்தரவு பண்றேன். பையர் வந்து உக்காந்துட்டு இருக்கறாப்ல. அந்த யானைப் படம் போட்ட கொழந்தை பைஜாமா எங்க இருக்குது?"

தவசி குரலைத் தாழ்த்தினான். "அறுநூத்தி நாப்பத்தாறு புள்ளி மூணு ஆறு. ஜன்னல் பக்கத்து ரேக்குல இடது ஓரமா இருக்கும்ங்கய்யா."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், முதல்வர் சித்ராதேவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவுல இருக்கறப்பகூட வாசகருக்குப் பதில் சொல்றீங்களே! எந்த லைப்ரரி?"

"ஒரு தனியார் நிறுவனத்துக்குள்ள இருக்கறதுங்க மேடம்."

"ஓ, சிறப்பு நூலகம்" என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். தவசி மறுக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய வேலை. தவசி நூலக அறிவியலில் முதுகலை முடித்தவன். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து மண்ணரையில் குடியேறிய குடும்பம். படித்து முடித்த பையன் விண்ணப்பம் போடாத பள்ளி, கல்லூரி எதுவும் கோவை வரைக்கும் பாக்கியில்லை. எல்லோரும் அனுபவம் கேட்டார்கள். அனுபவம் வேண்டுமென்றால் யாராவது வேலை தர வேண்டும். அதுவரைக்கும் வயிறு சும்மா இருக்காதே என்று சாம்பிள் ரூமில் வந்து விழுந்தான்.

விழுந்தவன் சும்மா கிடந்தானா? புத்தகம்தான் இல்லை, படித்த படிப்பாவது இருக்கட்டும் என்று பனியன்களுக்கு நூலகப் பகுப்பு எண் போட்டான். ஆம்பிளைத் துணிக்கு ஒரு எண், பொம்பளைத் துணிக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. புள்ளிக்குப் பின்னால் கழுத்து வட்டமா காலரா, கை முழுசா அரையா என்று வால் நீண்டுகொண்டே போகும். எந்த வருசத்துச் சாம்பிளைக் கேட்டாலும் கேட்டவர் மூச்சு விடுவதற்குள் கொண்டுவந்து நீட்டுவான். அந்தப் பாவத்துக்கு, பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை யாராவது ஒருவர் "தவசீ" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.

கல்லூரி நூலகத்தை மகுடேஸ்வரன் சுற்றிக் காட்டினார். என்ன அமைதி! புத்தகங்கள் அடுக்கியது அடுக்கியபடி நிமிர்ந்து நின்றன. வாசலில் 'நூலகர்' என்று பலகை. தவசிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"உக்காந்து பாருங்க தம்பி" என்று மகுடேஸ்வரன் நூலகரின் நாற்காலியைக் காட்டினார். பயபக்தியோடு உட்கார்ந்தான். கம்பெனியில் அவனுடைய ஸ்டூல் பக்கத்து டேபிளில் மெசின் ஓடினாலே ஆடும். இந்த நாற்காலி கல்லில் செதுக்கியது மாதிரி அசையாமல் நின்றது.

"இவ்வளவு நல்ல வேலைய விட்டுட்டு ஏன்ங்கய்யா போறாங்க, இப்ப இருக்கற மேடம்?"

"அதென்னமோ போங்க. பெரிய எடமாப் பாத்துப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னிக்குக்கூட லீவுதான்."

இதைவிடப் பெரிய இடமா? சென்னையாக இருக்கும், இல்லாவிட்டால் டில்லி. முகம் தெரியாத அந்த மேடத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

மறுநாள் கிட்டுசாமியிடம் உண்மையைச் சொன்னான். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவருக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது.

"அடப் படவா, காதுகுத்துன்னு சொல்லிப் போட்டு எனக்கே காது குத்திட்டியே! நல்லா இரு சாமி. ஆனா ஒண்ணு. நீ போயிட்டீன்னா அந்த ரூமுல ஒரு துணி சிக்காது. உன்னாட்டம் ஒரு ஆள உக்கார வெச்சுட்டுப் போ."

"முதல் தேதி சேரணும்ங்கய்யா. இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவாங்க."

"அதுக்குள்ளார ஆளப் பழக்கு கண்ணு. உனக்குத் தெரியாததா?"

செக்கிங் பிரிவிலிருந்த நாகஜோதியைப் பழக்கினான். கெட்டிக்காரப் பெண். எண்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சாம்பிள் ரூம் வானவில் மாதிரி இருந்தது.

"அண்ணே, செகப்பெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம் வச்சிட்டேன். இப்பத்தாண்ணே பார்க்க லட்சணமா இருக்கு!"

"அந்த எண்ணு?"

"அந்தச் சீட்டெல்லாம் அசிங்கமாத் தொங்குச்சு. உள்ள தள்ளி விட்டுட்டேன்ணே."

அதைச் சரிசெய்ய, பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் சுரேந்தர் கைகொடுக்க வந்தான். பையர் பேர் வாரியாக அடுக்கினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றான். பாதி ரூமை அடுக்கி முடித்த பிறகுதான், ஒரே டீசர்ட்டை எல்லா பையருக்கும் காட்டியிருக்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது. மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டு அவசரமாகச் சாயம் போடும் டையிங் யூனிட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான். தவசி ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து ரூம் முழுவதையும் பழையபடி எண்ணுக்குத் திருப்பினான். முதல் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. டெய்லரிலிருந்து துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வரைக்கும் ஆள் தேவையை எழுதிப் போட கம்பெனி கேட்டில் ஒரு கரும்பலகை உண்டு. 'ஓவர்லாக் டெய்லர் தேவை, செக்கிங் தேவை, கைமடி தேவை' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே சாக்பீஸால் ஒரு வரி சேர்த்தான்: 'நூலகர் தேவை'.

அன்று சாயங்காலமே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனால் வேலை கேட்டு இல்லை.

"ஏனுங்க, உள்ளார லைப்ரரி தொறந்திருக்கறதாச் சொன்னாங்க. பேப்பர் இருக்குதுங்களா?" என்றார், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ரிட்டையரான பொங்கியண்ணன். அவருக்குப் பின்னால் ஷிப்ட் முடிந்த பெண்கள் கோலப் புத்தகம் கேட்டு நின்றார்கள். தவசி எவ்வளவோ விளக்கிப் பார்த்தான். 'நூலகர் தேவைன்னா நூலகம் இருக்கத்தானே வேணும்?' என்று பொங்கியண்ணன் ஒரே பிடியாக நின்றார்.

கிட்டுசாமி கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு வந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. செக்யூரிட்டி ரூம் ஓரமாக ஒரு பெஞ்சைப் போட்டு, நாளிதழும் வாரப் பத்திரிகை நாலும் வாங்கிப் போட்டார். அடுத்த நாள் அவர் மனைவி ரங்காத்தாள் வீட்டிலிருந்த பழைய புத்தகங்களைச் சாக்கில் கட்டிக் காரில் அனுப்பிவிட்டார். அதற்கடுத்த நாள் பெயின்டர் வந்து, சாம்பிள் ரூம் கதவில் பெரிசாக 'நூலகர்' என்று எழுதிவிட்டுப் போனார்.

"பாத்தியா கண்ணு? லைப்ரரியே இங்க வந்திருச்சு. இனி நீ எதுக்குப் போகோணும்?"

ஆசைப்பட்ட எழுத்து கதவில் பளபளத்தது. உள்ளே மலைமலையாகப் பனியன். தவசிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் கீர்த்தனா வந்தாள். தோளில் பை, கையில் சான்றிதழ் உறை.

"கேட்டுல போர்டு பாத்தனுங்க. நானும் லைப்ரரி சயின்ஸ்தான்."

தவசிக்குத் தெய்வமே இறங்கி வந்தது மாதிரி இருந்தது. எங்கே ஏதாவது கேட்கப் போய் அவளும் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டு, உள்ளே பனியன்தான் என்று தெரிந்து ஓடிவிடப் போகிறாளோ என்று பயம். முன்னால் எங்கே வேலை பார்த்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. நேராக ரூமுக்குள் கூட்டிப்போய் நிறுத்தினான்.

அவள் ஒரு பனியனில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, இது நம்ம நம்பராச்சே!"

"யானைப் படம் போட்ட கொழந்தை பைஜாமா" என்றார் கிட்டுசாமி, கைகட்டி நின்றுகொண்டு.

கீர்த்தனா ரேக்கின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். நின்றாள். எடுத்தாள். யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"இன்னொண்ணு கேளுங்க சார்!"

"பச்சைக் காலர் வெச்ச முழுக்கை."

அதுவும் வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது.

"எத்தனை நாளாச்சுங்க, ஒருத்தர் எங்கிட்ட வந்து ஒண்ணக் கேட்டு! இங்க தெனமும் இப்படிக் கேப்பீங்களா?"

"நாள் பூராக் கேப்பமே கண்ணு. கத்திக் கத்திக் கேப்போம்."

"அப்படீன்னா முதல் தேதி வந்தர்றனுங்க. இந்த மாசத்தோட அங்க முடியுது" என்றாள்.

தவசிக்கு அவள் சொன்னதில் முதல் பாதிதான் காதில் விழுந்தது. மிச்சத்தைக் கேட்பதற்குள் மனசு கல்லூரி வாசலுக்குப் போய்விட்டது.

கிளம்பும் நாளில் ரங்காத்தாள் அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தனுப்பியிருந்தார். நாகஜோதி மூக்கை உறிஞ்சினாள். பொங்கியண்ணன் பேப்பரைவிட்டுத் தலையை நிமிர்த்தி ஆசீர்வாதம் செய்தார். ரூமைப் பார்த்துப் போகலாம் என்று வந்திருந்த கீர்த்தனாவிடம் தவசி சாவியைக் கொடுத்தான். இத்தனை நாளும் ஓடிப்போக நினைத்த அறைதான். சாவியைக் கொடுத்துவிட்டும் வாசலைவிட்டு நகராமல் நின்றான்.

"ஸ்டூல் கொஞ்சம் ஆடும்ங்க. பார்த்து உக்காருங்க."

"அதுக்கென்னங்க, எனக்குப் பழக்கந்தான்" என்று சிரித்தாள். "நீங்க எங்க போறீங்கன்னே சொல்லலியே?"

"காலேஜுக்குங்க. லைப்ரரியனா!" தவசி நெஞ்சை நிமிர்த்திக் கல்லூரியின் பெயரைச் சொன்னான். "அங்க இருந்த மேடம் எங்கயோ பெரிய எடத்துக்குப் போறாங்களாம்."

கீர்த்தனா சாவியையும், கதவில் பளபளத்த 'நூலகர்' என்ற எழுத்தையும், அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த லைப்ரரியன் நாற்காலிக்குப் பின்னாடிக் கால் ஒண்ணு குட்டைங்க. அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்து வெச்சிருக்கறேன், கூட்டறப்ப எடுத்தறாதீங்க."