மகாராணி சினையான கதை

அழிந்துவரும் ஒரு பன்றி இனத்தைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். மனைவியைக் கேட்காமலே எடுத்தேன். என் வீரம் அத்தோடு சரி.

செம்பட்டை மயிர், கண்ணை மூடும் காது, நாட்டில் மொத்தமே நாற்பது உருப்படி. பாதுகாப்புச் சங்கத்திடம் கெஞ்சி ஒன்றை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மகாராணி என்று பெயரும் வைத்தேன். மூன்றாம் வாரம் அது கொடியில் காய்ந்த துணியில் பாதியைத் தின்றுவிட்டது. பாதி என்றால் மனைவியின் பாதி.

"சனிக்கிழமை அது இங்க இருக்கக் கூடாது. சங்கத்துலயே கொண்டுபோய் விட்டுடுங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். "எப்படி விடறது? அது சினையா இருக்கே!"

"சினையா? ஆண் பன்றி எப்ப வந்துது?"

"நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப."

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ பாவம். வாயும் வயிறுமா இருக்கிறவளைத் துரத்தக் கூடாது."

உண்மையில் ஆண் பன்றியை வரவழைக்க அவளிடம் அனுமதி கேட்கும் தைரியமே எனக்கு வரவில்லை.

அன்றே என் மின்விசிறி கொட்டகைக்குப் போனது. என் பங்குப் பால் மகாராணியின் தொட்டிக்குப் போனது. புள்ளத்தாச்சிக்குச் சத்தம் ஆகாதென்று ரேடியோவுக்கும் தடை. பன்றி பெருத்தது. என் பாலாயிற்றே, பெருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

பன்றிக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். கெடு நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொய் வெளிப்பட்டால் மகாராணியும் போகும், மானமும் போகும். கடைசியில் காலில் விழாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

"அது சினையே இல்ல. பொய் சொல்லிட்டேன். ஆனா அத அனுப்பிடாத!"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"சொன்னப்பவே. ஆண் பன்றி வந்திருந்தா பக்கத்து வீட்டம்மா எங்கிட்ட சொல்லாமலா இருப்பாங்க? அது மூஞ்சியப் பாத்தா எனக்கும் அனுப்ப மனசு வரல. மறுநாளே சங்கத்துக்கு போன் பண்ணினேன். நீங்க வேலைக்குப் போன நேரமாப் பாத்து ரெண்டு தடவ ஆண் பன்றியக் கொண்டுவந்தாங்க."

"அப்ப என் பாலு, மின்விசிறி?"

"அது பொய் சொன்னதுக்கு."

வியாழக்கிழமை காலை மகாராணி ஒன்பது குட்டி போட்டாள். ஒன்பதும் செம்பட்டை. நாட்டில் நாற்பது நாற்பத்தொன்பதானது. மனைவி ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு காதை நீவினாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்துவைத்தவன் என்று கண் கலங்கியது.

"இனிமே பொய் சொல்றதுக்கு முன்னால நல்லா யோசிச்சுக்குங்க. நான் நிஜமாக்கிடுவேன். சரி, போய்க் கொட்டகையக் கழுவுங்க."

முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தமில்லாமல் மூடிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன்.