பெஞ்சில் படுத்த மாப்பிள்ளையின் விண்ணப்பம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் ஒரே மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் மகளும் நலம். வீட்டில் ஸ்பிரிட் வாடைதான் இன்னும் போகவில்லை.

மேசை மேல் நீங்கள் ஓட்டும் பொம்மை ரயிலுக்கு ஒரு நிலையம் கட்டி, அதில் நம் குடும்பத்தையே விரல்நக உயரப் பிளாஸ்டிக் ஆட்களாக்கி நிறுத்தியிருக்கிறீர்கள். வருஷா வருஷம் பூச்சின் மேல் பூச்சு ஏறி எல்லோருக்கும் மூக்கு மறைந்துவிட்டது, பழைய பெயிண்டை எடுத்துக் கொடுங்கள் என்று பெட்டியை அனுப்பினீர்கள். ஆறு வருஷத்தில் என்னை நம்பி நீங்கள் கொடுத்த முதல் வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டுப் பேர் என்றீர்கள், பெட்டியில் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆசாமி பஞ்சு சுற்றி அடியில் கிடந்தான். நீலச் சட்டை, நிமிர்ந்த நெஞ்சு, நல்ல களையான முகம். யாரென்று பிடிபடவில்லை. வேலைக்குப் போயிருந்த உங்கள் மகளுக்குப் போன் செய்து பெயிண்ட் எதில் போகும் என்றேன். “எதுல போட்டாலும் முதல்ல வேண்டாத ஒண்ணைப் போட்டுப் பாருங்க, அப்பா கொன்னுடுவாரு” என்றாள். உடனே ஒன்பதாவது ஆசாமியை அவளுடைய நெயில் பாலிஷ் ரிமூவரில் முக்கினேன். பெயிண்டும் போயிற்று, ஆளும் போய்விட்டான். ஷூ இரண்டுதான் மிச்சம். அந்தப் புண்ணியவானால் நம் குடும்பம் பிழைத்தது மாமா!

மற்ற எட்டுப் பேரையும் ஸ்பிரிட்டில் ஒரு நாள் ஊறவைத்தேன். மாடி வீட்டுக்காரர் மோப்பம் பிடித்து வந்து, “என்ன சார், பகல்லயே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, போகாமல் நின்றார். பிறகு பிரஷ்ஷால் தேய்த்தேன். (போன முறை நீங்கள் விட்டுவிட்டுப் போன பல் பிரஷ்தான், மன்னிக்கவும்.) தேய்க்கத் தேய்க்க உங்கள் வழுக்கை உரிந்து நரைமுடி வந்தது, நரை உரிந்து கருகருவென்று சுருள்முடி வந்தது, அத்தை பார்த்தால் மறுபடியும் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார் என்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உரிந்து வெறும் பிளாஸ்டிக் வந்துவிட்டது. எல்லோருக்கும் மூக்கு கிடைத்துவிட்டது.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு விண்ணப்பம். கல்யாணமான மறுநாள் உங்கள் வீட்டு சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அதற்காக ஆறு வருஷமாக என்னைப் பிளாட்பாரப் பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்கவைத்திருக்கிறீர்கள். வந்தவர் போனவரெல்லாம் சிரிக்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது மாமா. இனியாவது என்னை எழுப்பி உங்கள் மகள் பக்கத்தில் நிறுத்துங்கள். வேண்டுமானால் அவள் கைப்பெட்டியைக்கூட நானே தூக்கிக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். நூறு வயது வரை உங்கள் கண் மங்காமலும் கை நடுங்காமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நன்மதிப்புக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அத்தை போன் செய்தார். “பஞ்சுக்குள்ள இருந்தவரைப் பாத்தீங்களா மாப்பிள்ளை? நீங்கதான் அது! நாலு மாசம் பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டுத் தீட்டினாரு. இனிமே பொண்ணு பக்கத்துல இவர்தான் நிக்கணும்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாது, நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்கணும்னும் சொன்னாரு.” மாமா, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெஞ்சே போதும், என்னை எழுப்ப வேண்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தை நாலு தரம் உற்றுப் பார்த்தேன். இவ்வளவு மரியாதையான ஆள் நானாக இருக்க முடியாது என்றுதான் கரைத்தேன்.