புது சர்வர் என் மகளை உள்ளே விடவில்லை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். வழக்கத்துக்காக அப்படி எழுதினேன், உண்மையில் மாமியார் மட்டும்தான் நலம். ஒரே எழுத்து மூன்று தரம் விழுந்திருந்தால் அது அவசரம், பொறுத்துக்கொள்ளவும். இன்னொன்று, என் மகள் பக்கத்தில் இல்லாதபோது இந்த மின்னஞ்சலைப் படிக்கவும்.

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் நம்பியிருக்கும் பழைய சர்வர் மூச்சு வாங்க ஆரம்பித்ததால் முதலாளி டாக்டரம்மா புதிது வாங்கினார். நீங்களே மாத்திடுவீங்கல்ல என்று கேட்டார். ஆளைக் கூப்பிடலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் தலை ஆடிவிட்டது. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் ஒரு பதிவு குறையாமல் புது இடத்துக்குப் போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குள் நுழைய அனுமதி உள்ளவர்களின் பெயர்களைப் பார்த்தேன், வேலையை விட்டுப் போனவர்கள் எதற்கு என்று சுத்தம் செய்தேன். கல்யாணத்துக்கு முன்பு என் மகள் இங்கேதான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் பெயரும் போனது.

காலையில் ரசீது போடும் அம்மாவால் உள்ளே போக முடியவில்லை. ரத்தம் எடுப்பவராலும் முடியவில்லை. ரிப்போர்ட் அடிப்பவர் நாற்காலியைத் தூக்கி வந்து என் மேஜை முன்னால் போட்டு உட்கார்ந்தார், அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. அணைத்துப் போட்டேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், எல்லார் கடவுச்சொல்லையும் மாற்றிக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஜனங்கள் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அம்மாவின் கணவருக்கு நாளைக்கு ஆபரேஷன், ரிப்போர்ட் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டார்களாம். அந்த அம்மா கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறார். டாக்டரம்மா கிளம்பும்போது குரலை உயர்த்தவே இல்லை. "சாயங்காலம் நான் வர்றப்ப ரிப்போர்ட் போயிட்டிருக்கணும். இல்லைன்னா நீங்க வீட்ல ஓய்வெடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க." வீட்டில் நாள் முழுக்க ஓய்வெடுத்தால் என்னவாகும் என்று உங்கள் மாமியாரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சர்வர் விற்றவரைப் போனில் பிடித்தேன். யார் யார் நுழையப் பார்த்துத் தோற்றார்கள் என்று சர்வரே குறித்து வைத்திருக்கும், அதைத் திறங்க சார் என்றார். திறந்தேன். வரிக்கு வரி என் மகளின் பெயர். அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு வரி விழுகிறது. அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள், இங்கே விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவரிடமே விசாரித்ததில், எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் மென்பொருள் டேட்டாபேஸுக்குள் போவது அவள் பெயரைச் சொல்லித்தானாம். அவள் அப்படித்தான் அமைத்திருக்கிறாள். அவசரமாகப் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். இப்போது கடவுச்சொல் தவறு என்கிறது, அவள் மென்பொருளுக்குள் வைத்திருக்கும் பழைய கடவுச்சொல்லேதான் வேண்டுமாம். அது சரியாக இருந்தாலும் போதாதாம், பெயர் ஒன்றாக இருந்தாலும் புது சர்வர் அவளுக்கு வேறு எண் போட்டு வேறு ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறதாம், பழையவளும் இவளும் ஒருத்திதான் என்று சொல்லி இணைக்க வேண்டுமாம்.

ஆகவே மாப்பிள்ளை, பேச்சுவாக்கில் கேட்பதுபோல அந்தக் கடவுச்சொல்லை அவளிடம் கேட்டு வாங்கி அனுப்பவும். காபி குடிக்கும்போது கேளுங்கள், நல்ல மனநிலையில் இருப்பாள். நான் கேட்கலாம்தான். ஆனால், "என்னைக் கேட்காம எதிலயும் கை வைக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். டாக்டரம்மாவிடம் வேலைதான் போகும், அவளிடம் மானமே போய்விடும்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். இந்த மின்னஞ்சல் கணக்கை எனக்குத் திறந்து கொடுத்தவளே என் மகள்தான், நான் எழுத எழுத எல்லாம் அவள் போனிலும் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டுவிட்டாள். திட்டவில்லை. கடவுச்சொல்லைச் சொன்னாள், இரண்டு வரி தட்டச் சொன்னாள், தட்டினேன். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள், அந்த அம்மா ரிப்போர்ட்டோடு ஓடுகிறார். வேலை தப்பித்தது. போனை வைக்கும்போது மட்டும், "கல்யாணமாகிப் போயிட்டா பேரை எடுத்துடுவீங்களாப்பா?" என்று கேட்டாள். சுத்தம் செய்தேன் என்று சொல்லத்தான் வந்தேன். டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது மறுபடியும் அவள் பெயர்தான் போனில் அடித்துக்கொண்டிருக்கிறது. எடுக்கத்தான் போகிறேன். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை மாப்பிள்ளை.