ஏழு மீட்டர் நாடாப்புழுவும் உங்கள் தங்கையும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக அருங்காட்சியகக் காப்பாளனும் உங்கள் தங்கையின் கணவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். உங்கள் வீட்டில் அனைவரும், குறிப்பாக ஒன்பது நாளாக அங்கே தங்கியிருப்பவள், நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இனிமேல் விளக்குக்கும் சம்பளத்துக்கும் மட்டுமே பல்கலைக்கழகம் பணம் தரும், மற்றபடி ஒவ்வொரு காட்சிப்பொருளுக்கும் ஓர் ஆதரவாளரைப் பிடிக்க வேண்டும், ஆள் கிடைக்காததை அகற்றிவிட்டு அங்கே விடைத்தாள் கட்டுகளை அடுக்குவோம் என்று பதிவாளர் உத்தரவு போட்டார். பாடம் செய்த புலிக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். பட்டாம்பூச்சிகளை ஒரு பல் மருத்துவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். குப்பியில் இருக்கும் நாடாப்புழுவை மட்டும் எந்த ஆதரவாளரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மருத்துவ மாணவர்கள் வருவதே அதைப் பார்க்கத்தான். இருபத்தாறு வருடமாக அதற்கு என் கையால் ஸ்பிரிட் மாற்றியிருக்கிறேன், குப்பையில் கொட்டச் சொன்னால் மனசு கேட்குமா? கடைசியில் நானே பணம் கட்டினேன். ஊழியர் பெயர் கூடாது என்றார்கள், உங்கள் தங்கை பெயரைப் போட்டேன். எந்த நாளை முன்னிட்டு என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. எங்கள் திருமண நாள் என்று எழுதித் தொலைத்தேன். அதையும் அப்படியே குப்பிக்குக் கீழே பெயர்ப் பலகையில் அச்சடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே அவள் தன் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டி வந்தாள். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கப் பழக்கியவளும் அவள்தான். "நாடாப்புழு. மனிதக் குடலில் வாழ்வது" என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் தொடங்கி, அவள் பெயரை இனிஷியலோடு படித்து, "இருபத்தைந்தாம் திருமண நாள் நினைவாக" என்று முடித்தார்கள். அவள் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டாள். அன்று சாயங்காலம் நேராக உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளில்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகையைக் கழற்றிவிடுகிறேன், புழு போனாலும் போகட்டும். நீங்கள்தான் எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவந்து விட வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவளே அருங்காட்சியகத்துக்கு வந்து நின்றாள். "பசங்க தினமும், 'டீச்சர், உங்க புழு நல்லா இருக்கா'ன்னு கேக்குறாங்க. பார்க்காம என்னன்னு பதில் சொல்றது?" என்றாள். குப்பியைச் சுற்றிவந்து பார்த்தாள். பலகையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பக்கத்துக் குப்பியில், பசுவின் வயிற்றிலிருந்து எடுத்த முடியுருண்டைக்கு இன்னும் ஆள் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். "எங்க அண்ணன் பேரைப் போடுங்க. ஒன்பது நாளா சாப்பிட உக்காந்தா என்னைப் பார்த்து சிரிச்சாரு." உங்கள் பிறந்த நாளை அவளே படிவத்தின் கட்டத்தில் எழுதிவிட்டாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். பணத்தை மட்டும் அனுப்பிவையுங்கள்.