சாயம் போகாத லேகியம்

‘பக்கவிளைவே இல்லீங்க’ என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. கல்யாணப் பந்தியில் சோறு வருவதற்குள் உங்கள் முழங்கால் வலியை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்து, பையிலிருந்து பச்சைப் பொடி எடுத்து நீட்டுவார்களே, அவர்களேதான். என்ன பொடி என்று கேட்டுவிடாதீர்கள். "செடிதானுங்க!" என்பார்கள். அரளியும் செடிதான். அதை அவர்களிடம் யார் சொல்வது?

திருப்பூர் ரத்தினசாமி இந்த இனத்தின் தலைமகன். குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்கிறார். கம்பெனியில் அவர் வேறு ஆள். துணியைத் துவைத்துப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், சாயத்தில் விஷம் உண்டா என்று லேபுக்கு அனுப்புவார், குழந்தை கடித்தால் பட்டன் கழன்று வருமா என்று இயந்திரத்தை விட்டுப் பிடுங்கச் சொல்வார். ரிப்போர்ட் வரும்வரை பெட்டி நகரக்கூடாது என்று அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர். அதை உரிக்க முதலாளிக்கே உரிமையில்லை என்று சுவரில் எழுதிவைத்தவரும் அவரே. வீட்டுக்கு வந்தாலோ, சேவூரில் எவரோ கிளறிக் கொடுத்த லேகியத்தை வழித்து வழித்துச் சாப்பிடுவார்.

தான் மட்டும் சாப்பிட்டால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். மருமகள் மதுமதிக்கு இப்போது மூன்று மாதம்.

"ஒரு உருண்டை போடு அம்மிணி. குழந்தை தங்கமாட்டம் பொறக்கும்."

"இதுல என்னென்ன இருக்குதுங்க மாமா?"

"மூலிகை."

"என்ன மூலிகைங்க?"

"நல்ல மூலிகை. நமக்குத் தெரிஞ்சவங்கதான் குடுத்தாங்க."

"கருவோட மரபணுவைக் கெடுக்குமான்னு யாராச்சும் டெஸ்ட் பண்ணியிருக்காங்களான்னு டாக்டரம்மா கேட்டாங்க மாமா."

டெஸ்ட்! யாரிடம் கேட்கிறாள்? மறுநாளே லேகியம் கம்பெனி கவரில் ஏறி, வழக்கமாகத் துணி போகும் லேபுக்குப் போயிற்று. அங்கே வேலை பார்க்கும் தமீம், "இது துணி லேபுங்க!" என்று போனில் கெஞ்சினார். "வழக்கமாப் பாக்கறதைப் பாருங்க தம்பி" என்று அதட்டினார் இவர். பெரிய பார்ட்டி, மறுக்க முடியுமா? தமீம் அதை வெள்ளைத் துணியில் பூசி, துவைத்து, ரிப்போர்ட் அனுப்பினார். தடைசெய்யப்பட்ட சாயம் இல்லை. துவைத்தாலும் நிறம் போகவில்லை: மிக நன்று.

"பாத்தியா அம்மிணி? பாஸ்!"

மதுமதி படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. இந்தக் காகிதத்தை நம்பியே மனிதர் ஊட்டிவிடுவார் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"மாமா, இது பனியனுக்குப் பாக்கற டெஸ்டுங்க. எம்பட குழந்தை பனியனுங்களா?"

"அட, காலங்காலமாச் சாப்பிடறதுதான..."

"நல்ல மருந்தாவே இருக்கலாமுங்க. தெரியலைன்னுதான் சொல்றேன். தெரியாத சரக்கை நீங்க கப்பல்ல ஏத்துவீங்களா?"

அவள் அவருடைய பையிலிருந்தே ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து டப்பாவின் மூடியில் ஒட்டினாள். ரத்தினசாமியின் கை இரண்டு முறை ஸ்டிக்கர் வரை போய்த் திரும்பியது. முப்பது வருடப் பழக்கம், பாவம். உரிக்க முடியவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே எழுந்து போய் உங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டையும் பாருங்கள். லேபிள் இல்லாமல் ஒரு பாட்டில் இருக்குமே, யார் கொடுத்தது? ‘நமக்குத் தெரிஞ்சவங்கதான்’ என்கிறீர்களா?

ரத்தினசாமியும் அதையேதான் சொன்னார்.