முட்டி வீட்டுக்கு வந்த மழை பாய்

புதுச்சேரியில் மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். அந்த நேரம் பார்த்து வேலைக்குக் கிளம்புகிற ஒரே கொத்தனார் மழை பாய்தான். வெயிலில் கூப்பிட்டால் வரமாட்டார். "காஞ்ச தரையைப் பாத்து நான் என்னா சொல்றது? மழை வரட்டும், வரேன்" என்று போனை வைத்துவிடுவார். தூறல் விழுந்த ஐந்தாவது நிமிடம், கறுப்புக் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு மொபெட்டில் புறப்பட்டுவிடுவார்.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் யார் பெயரும் தெரியாது. வீடுகளை அவர் தேங்கும் தண்ணீரின் ஆழத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். கணுக்கால் வீடு, முட்டி வீடு, இடுப்பு வீடு. தவளக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் பாதிப் பிரியாணியில் மழை வர, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க மண்டபத்தின் பின்பக்கம் போனவர், மாப்பிள்ளையும் பெண்ணும் கிளம்பிப்போகும் வரை திரும்பவில்லை. மாப்பிள்ளை அவருடைய சொந்தத் தங்கை மகன்.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததற்குக் காரணம் என் மனைவி வசந்தி. பதினெட்டு வருடம் அடுத்தவர் பள்ளியில் டீச்சராக இருந்தவள், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஒரு மழலையர் பள்ளி தொடங்க முடிவு செய்தாள். விஜயதசமியன்று திறப்பு. வாசல் பக்கத்துக் காலி இடத்தில் பிள்ளைகள் விளையாடச் செயற்கைப் புல் விரிக்க வேண்டும். ஆனால் ஒரு மழை பெய்தால் அந்த இடம் குளம். புல் விற்க வந்தவர், "மண்ணைக் கொட்டி மேடாக்கி மேல விரிச்சிட்டா தண்ணியே தெரியாது சார்" என்றார். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது.

வசந்திக்குப் பிடிக்கவில்லை. "தெரியாதுங்க, ஆனா அடியில தேங்கி நாறும். கொசு வரும். எந்த அம்மா புள்ளைய விடுவா?" என்று கேட்டுவிட்டு மழை பாய்க்குப் போன் போட்டாள்.

அடுத்த மழையிலேயே வந்து நின்றார். "தெரியும் சார், முட்டி வீடு" என்றார். நாலு வருடமாக மழைதோறும் காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று எங்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். அப்படி நின்ற ஒரு ஆளைப் பைத்தியம் என்று நினைத்து நான் ஒருமுறை விரட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நீங்கதான சார் போய்யான்னீங்க" என்று சிரித்தார்.

பையிலிருந்து தெர்மோகோல் துண்டுகளை எடுத்துத் தண்ணீரில் விட்டார். எல்லாம் மெதுவாக நகர்ந்து வடகிழக்கு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன.

"வாட்டத்தை யார் சார் அந்தப் பக்கம் குடுத்தது? காவாய் இந்தப் பக்கம் தெருவுல இல்ல இருக்கு?"

அந்தச் சரிவை நான்தான் கொடுத்தேன். வாஸ்துப்படி ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும் என்று வீடு கட்டும்போது அடம்பிடித்தேன். ஐஸ்வர்யம் வந்ததோ இல்லையோ, தவளை வந்தது. அந்த மூலையை உயர்த்தி வாட்டத்தை மாற்றச் சொன்னால் சண்டை போடுவது என்று தயாராக நின்றேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். "மூலையை நான் உசத்த மாட்டேன் சார். ஈசானியத்துல தண்ணி இருந்தா நல்லதுன்னுதான வாஸ்துல சொல்றாங்க? இருக்கட்டும். மேல இருக்க வேணாம், பூமிக்குள்ள இருக்கட்டும்" என்றார். வாஸ்துவும் தப்பித்தது, நானும் தப்பித்தேன்.

அந்த மூலையில் ஆழமாகத் தோண்டி, கிணற்றுக்கு இறக்குவது போல் சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஜல்லி கொட்டி, ஓட்டை வைத்த மூடி போட்டார். மீதி இடம் முழுவதையும் சுரண்டி, மூடியை நோக்கிச் சரித்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், பிறகு அதை நம்பாமல் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார்.

"பிளாஸ்டிக் புல்லுக்கு இவ்ளோவா பாய்?" என்றேன்.

"புல்லுதான் சார் பிளாஸ்டிக். தண்ணி நெஜம்."

எல்லாம் முடிந்தும் புல்லை விரிக்க விடவில்லை. மழையில் பார்த்தால்தான் நிச்சயமாம். விஜயதசமிக்கு மூன்று நாள் இருந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வசந்தி முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "பாய், இது என் ஸ்கூல். புள்ளைங்க வந்து கேட்டாண்ட நிக்கும்போது நான் வானத்தைக் காட்ட முடியாது."

பாய் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "சரி டீச்சர், மழைய நாமளே வர வெப்போம்" என்றார். எங்கள் மாடியிலும் பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் ஹோஸ் பைப்போடு ஏறினார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரரைத் தெருவில் சொல்தா, அதாவது சிப்பாய், என்போம். அவர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, "அலே! அலே!" என்று மழையை ஓடச் சொல்லிப் பிரெஞ்சில் உத்தரவு போட்டார். தண்ணீர் ஓடியது. நடுவில் மட்டும் ஒரு தோசை அகலத்துக்கு நின்றது. பாய் அந்தத் தோசையைக் கொத்தி எடுத்து மறுபடி சரித்துவிட்டுத்தான் புல்லை விரிக்க விட்டார்.

விஜயதசமி காலை ஒன்பது மணிக்கு நிஜ மழை கொட்டியது. பெற்றோர்கள் குடையோடு போர்ட்டிகோவில் நெருக்கியடித்து நின்றார்கள். வசந்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளைச் சேர்க்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். கேட்டைத் தள்ளிக்கொண்டு பாய் வந்தார், யாரையும் பார்க்காமல் மூலையில் மூடி இருக்கும் இடத்தில் போய்க் குந்தினார்.

"கேளுங்க டீச்சர், குடிக்குது" என்றார்.

மழை விட்டது. ஒரு குட்டிப் பெண் அம்மாவின் கையை உதறிவிட்டுப் புல்லில் ஓடினாள். பின்னாலேயே போன அம்மா காலால் அங்குமிங்கும் அழுத்திப் பார்த்து, "என்னங்க, தண்ணியே காணோம்?" என்றாள். வசந்தி அழுதேவிட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று, ஏதோ நானே தோண்டியது போல.

அந்த நேரம் பாயின் போன் அடித்தது. "எங்கியா? சாரத்துலதான்" என்றவர் அடுத்த வார்த்தைக்குத் திணறினார். முட்டி வீடு என்று சொல்ல அங்கே தண்ணீர் இல்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "டீச்சர் வீட்ல இருக்கேன்" என்றார்.

கேட்டில் கிரானைட்டில் இருப்பது என் பெயர். அன்றிலிருந்து தெருவுக்கும் எனக்கும் இது டீச்சர் வீடுதான். தூறல் விழுந்தால் இப்போது நாங்கள் கேட்டைப் பூட்டுவதில்லை. பாய் வருவார்.